டிவி வாங்கப் போறீங்களா? முதல்ல பெயர்டைப் பார்த்துட்டுப் போங்க

பெரிய திரை டிவி வாங்க ஷோரூம் போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரே சுவர்ல இருபது டிவி. எல்லாத்துலயும் ஒரே வீடியோ: கிளி, மீன், ராத்திரி நேர நகரம். விற்பனையாளர் எண்களா அடுக்குவார். 4கே, 8கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர், கியூஎல்இடி, ஓஎல்இடி. எல்லாமே நல்லாதான் தெரியும். அப்போ எதை வச்சு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது?

இந்தக் கேள்வியை 1936லேயே ஒரு நாடு கேட்டிருக்கு. லண்டன்ல ரெண்டு தொலைக்காட்சி முறைகளை ஒரு வாரம் இது, ஒரு வாரம் அதுன்னு மாத்தி மாத்தி ஓடவிட்டு, எது நல்லாயிருக்குன்னு பார்த்து முடிவெடுத்தாங்க. டிவி வரலாற்றிலேயே பெரிய ஒப்பீடு அதுதான்னு சொல்லலாம். அதுல தோத்தது யார் பேர்ல இருந்த கம்பெனி தெரியுமா? உலகத்துக்கே முதன்முதலா தொலைக்காட்சியை ஓட்டிக் காட்டின மனுஷன் பேர்ல இருந்த கம்பெனி. அவர்தான் ஜான் லோகி பெயர்டு. ஸ்கூல் புத்தகத்துல ஒரே வரியில படிச்சுட்டு வந்திருப்போம். ஆனா டிவி வாங்கப் போறவங்களுக்கு அவர் வாழ்க்கையில அந்த ஒரு வரிக்கு மேல நிறைய இருக்கு.

டெலிபோன் இழுத்த பையன்

1888 ஆகஸ்ட் 13 அன்று ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில் பெயர்டு பிறந்தார். அப்பா பாதிரியார். நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே கடுமையான நோய் வந்து போனது. அதற்குப் பிறகு சளி, காய்ச்சல், உடல் பலவீனம் எல்லாம் ஆயுள் முழுக்கக் கூடவே இருந்தன.

உடம்புதான் பலவீனம், கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தன் வீட்டிலிருந்து நண்பர்கள் வீடுகளுக்குக் கம்பி இழுத்து ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தினார். வீட்டுக்குத் தானே மின்விளக்கு போட்டார். பிறகு கிளாஸ்கோவில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். ஆமாம், நம்ம ட்ரிபிள்ஈ ஆளுதான். பின்னாளில் பிபிசியின் தலைவராகப் போகும் ஜான் ரீத்தும் அதே கல்லூரியில் படித்தவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த உரசல் பிற்பாடு பெயர்டுக்கு நல்லது செய்யவில்லை.

அடுத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் குறுக்கே வந்ததால் பட்டத்தை முடிக்கவில்லை. ராணுவத்தில் சேரப் போனார், உடல்நிலை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

சாக்ஸ், ஜாம், சோப்பு

வேலையில் மனசு நிற்கவில்லை. கார்பனிலிருந்து வைரம் செய்யலாம் என்று முயன்றபோது அந்தப் பகுதியின் மின்சாரத்தையே அணைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. குளிரிலும் ஈரத்திலும் கால் நனையாமல் இருக்க உள்சாக்ஸ் ஒன்றைத் தயாரித்து விற்றார். அது நன்றாகவே ஓடியது. துருப்பிடிக்காத சவரக்கத்தி வேண்டும் என்று கண்ணாடியில் ஒன்று செய்தார். அது முகத்தைக் கிழித்தது. 1919ல் கரீபியனில் இருக்கும் டிரினிடாட் தீவுக்குக் கப்பலேறிப் போய் ஜாம் தொழிற்சாலை போட்டார். ஜாமை அவரும் விற்கவில்லை, பூச்சிகளும் விட்டுவைக்கவில்லை. திரும்பி வந்து சோப்பு வியாபாரம் செய்தார். மறுபடியும் உடம்பு படுத்தியது.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, டிவியைக் கண்டுபிடிக்க உட்காரும்போது அவருக்கு வயசு 34. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை, காசு இல்லை, ஆரோக்கியமும் இல்லை.

தேயிலைப் பெட்டியும் தையல் ஊசியும்

1923ல் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு வந்தார். அங்கேதான் வேலை ஆரம்பித்தது. அவர் லேபில் இருந்த சாமான்கள்: பழைய தேயிலைப் பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கு லென்ஸ், அரக்கு, பசை. ப்ரொஜெக்ட்டுக்கு காம்பொனென்ட் கிடைக்கலைன்னு நாம புலம்பும்போது இந்த லிஸ்டை ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

அவர் பயன்படுத்திய அடிப்படை யோசனை புதிதில்லை. பால் நிப்கோ என்ற ஜெர்மானியர் 1884லேயே அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஒரு வட்டத் தட்டு. அதில் சுருள் வடிவில் வரிசையாக ஓட்டைகள். தட்டு சுற்றும்போது ஒவ்வொரு ஓட்டையும் காட்சியின் ஒரு கோட்டை மட்டும் கடந்து போகும். 30 ஓட்டை என்றால் 30 கோடு. கோட்டில் வரும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு ஒளிமின் செல் மின்சாரமாக மாற்றும். மறுமுனையில் அதே வேகத்தில் இன்னொரு தட்டு. அதன் பின்னால் அந்த மின்சாரத்துக்கு ஏற்ப மங்கிப் பிரகாசிக்கும் ஒரு விளக்கு. கண் அதைப் படமாகச் சேர்த்துக்கொள்ளும்.

யோசனை எளிது. ஆனால் அதுவரை யாருக்கும் உருப்படியாக ஓடவில்லை. ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் அவ்வளவு குறைவு. அதைப் பெருக்கும் வழியைத்தான் பெயர்டு தேடிக்கொண்டிருந்தார். 1924ல் உயர் மின்னழுத்தம் தாக்கித் தூக்கி எறியப்பட்டார். கை வெந்ததோடு உயிர் தப்பினார். இடத்தின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

ஃப்ரித் தெரு மாடி

லண்டனுக்கு வந்து சோஹோ பகுதியில் ஃப்ரித் தெரு 22ஆம் எண் மாடியில் குடியேறினார். 1925 அக்டோபர் 2 அன்று ஒரு பொம்மையின் முகம் வெளிச்சமும் நிழலுமாகத் தெளிவாகத் திரையில் வந்தது. வாய்பேசும் வித்தைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பொம்மை. பெயர் ஸ்டூக்கி பில். மனிதரை உட்கார வைக்க முடியாத அளவுக்கு விளக்குகளின் சூடு இருந்ததால்தான் பொம்மை. படம் வந்ததும் கீழ்மாடிக்கு ஓடி, அங்கே வேலை பார்த்த வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரை இழுத்து வந்து உட்கார வைத்தார். முழு நிழல்வரிசையோடு தொலைக்காட்சியில் தெரிந்த முதல் மனித முகம் அவருடையது.

1926 ஜனவரி 26 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களையும் ஒரு பத்திரிகையாளரையும் அழைத்துக் காட்டினார். படம் மங்கல், நடுங்கியது, 30 கோடுதான். ஆனால் முகம் யாருடையது, வாய் அசைகிறதா என்று தெரிந்தது. அன்றைக்கு மதிப்பீட்டுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். அதில் பெயர்டு பாஸ்.

பிறகு அடுத்தடுத்து வந்தது. 1927ல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு டெலிபோன் கம்பி வழியாகப் படம். 1928ல் அட்லாண்டிக் தாண்டி நியூயார்க் பக்கம் படம். அதே வருடம் வண்ணப் படம். 1930ல் டெலிவைசர் என்ற பெயரில் வீட்டுக்கு வாங்கும் பெட்டி கடைக்கு வந்தது. படம் சுமார் ஒரு தபால் தலை அளவு, முன்னால் ஒரு உருப்பெருக்கி லென்ஸ். நியான் விளக்கு என்பதால் எல்லாமே ஆரஞ்சு நிறம். வினாடிக்கு பன்னிரண்டரைப் படம், அதாவது தட்டு நிமிடத்துக்கு 750 சுற்று. படம் அகலமாக இல்லை, போனைச் செங்குத்தாகப் பிடித்த மாதிரி ஒல்லியாக, உயரமாக இருந்தது. ரீல்ஸ் வடிவம் நம்ம காலத்து கண்டுபிடிப்புன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

2,100 பல்பு

பெரிய திரை ஆசை பெயர்டுக்கு அப்போதே இருந்தது. 1930 ஜூலையில் லண்டன் கொலீசியம் அரங்கில் ஒரு திரையை நிறுத்தினார். அது திரையே இல்லை, 2,100 சின்ன பல்புகள். 30 வரிசை, வரிசைக்கு 70. சுழலும் ஒரு சுவிட்ச் ஒவ்வொரு பல்பாக இணைத்துக்கொண்டே போகும். படம் பல்புகளில் ஓடும். ஒரு பல்பு ஒரு பிக்சல். இன்றைக்குக் கல்யாண மண்டபத்திலும் கட்சி மாநாட்டிலும் பார்க்கும் எல்இடி வால் இருக்கே, அதோட கொள்ளுத் தாத்தா.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 4கே டிவியில் 3,840 பெருக்கல் 2,160, அதாவது 82,94,400 பிக்சல். பெயர்டின் பல்புத் திரையைப் போல ஏறத்தாழ 3,950 மடங்கு. ஆனாலும் அரங்கத்தில் பணம் கொடுத்து வந்தவர்கள் அதைப் படமாகத்தான் பார்த்தார்கள். எப்படி? நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறியாது. இரண்டு பல்புக்கு நடுவே 2 செ.மீ. இருந்தால் சுமார் 70 மீட்டர் தள்ளி நின்றால் அவை கலந்துவிடும். பக்கத்தில் வந்தால் வெறும் பல்பு, தள்ளிப் போகப் போக முகம். பிக்சல் எண்ணிக்கை மட்டும் தெரிஞ்சா பாதிதான் தெரியும். எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம் என்பது மீதிப் பாதி.

ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது

இதற்குள் உலகம் வேறு பக்கம் ஓட ஆரம்பித்திருந்தது. சுழலும் தட்டில் ஒரு சிக்கல் உண்டு. கோடுகளை இரட்டிப்பாக்க வேண்டும் என்றால் ஓட்டையின் நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்க வேண்டும். வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அமெரிக்காவில் ஃபார்ன்ஸ்வொர்த்தும் ஸ்வோரிகினும், இங்கிலாந்தில் ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் இஎம்ஐ குழுவும் தட்டையே தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரான் கற்றையால் படத்தை வருடும் கேமராக்களைச் செய்துகொண்டிருந்தார்கள். இஎம்ஐயின் கேமரா வெளிச்சத்தை மின்னூட்டமாகச் சேமித்து வைத்துப் பிறகு படிக்கும். அதனால் சாதாரண வெளிச்சமே போதும்.

பெயர்டு கம்பெனியும் சும்மா இல்லை, 240 கோட்டுக்கு வந்திருந்தது. ஆனால் கம்பெனி அப்போது பெயர்டின் கையிலும் இல்லை. முதலீடு செய்தவர்களும் புதிய தொழில்நுட்ப இயக்குநரும்தான் முடிவெடுத்தார்கள். பெயர் மட்டும் அவருடையது.

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்டிரா பேலஸிலிருந்து பிபிசி தொலைக்காட்சி தொடங்கியது. நாணயம் சுண்டிப் பார்த்ததில் பெயர்டு முறைக்கு முதல் வாய்ப்பு. அதன்பின் இரண்டு முறைகளும் மாறி மாறி. வீட்டுப் பெட்டிகளிலும் இரண்டுக்கும் சேர்த்தே வசதி வைத்திருந்தார்கள்.

பெயர்டு தரப்பில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்டுடியோவில் ஃபிலிம் கேமரா ஒன்றால் காட்சியைப் படம் பிடிப்பார்கள். அந்த ஃபிலிமை அங்கேயே ரசாயனத் தொட்டியில் கழுவி, ஈரத்தோடு வருடி ஒளிபரப்புவார்கள். அதற்கே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். லைவ் நிகழ்ச்சியே ஒரு நிமிடம் தாமதம். குழாயும் தொட்டியும் சேர்ந்திருப்பதால் கேமராவை நகர்த்த முடியாது. இன்னொரு ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் கும்மிருட்டில் உட்கார வேண்டும், ஒளிப்புள்ளி ஒன்று அவர் முகத்தில் ஓடும். வினாடிக்கு 25 படம் என்பதால் படம் கண்ணுக்குத் தெரியும்படி மினுக்கியது. எதிர்த்தரப்பில் 405 கோடு. ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாற்றி மாற்றி வினாடிக்கு 50 முறை காட்டியதால் மினுக்கல் குறைவு. கேமராவைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்கே போகலாம்.

நவம்பர் 30 அன்று இரவு கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடித்தது. அங்கே இருந்த பெயர்டு கம்பெனியின் ஆய்வுக்கூடங்களும் போயின. 1937 பிப்ரவரியில் முடிவு வந்தது: இனி 405 கோடு மட்டும். அந்த 405 கோடு பிரிட்டனில் 1985 வரை ஓடியது.

கவனிச்சீங்களா? 240ஐ விட 405 பெரிய எண் என்பதால் மட்டும் பெயர்டு முறை தோற்கவில்லை. மினுக்கல், தாமதம், வெளிச்சம், நகர முடியாத கேமரா, இத்தனையும் சேர்ந்து தோற்கடித்தன. ஒருநாள் டெமோவாக வைத்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கலாம். டெமோவில் ஜெயிப்பதில் பெயர்டு கெட்டிக்காரர். மூன்று மாதம் தினமும் ஓட்டியதால்தான் வித்தியாசம் வெளியே வந்தது.

கடைசிப் பத்து வருடம்

இதோடு மனுஷன் ஒதுங்கியிருப்பார்னு நினைப்பீங்க. இல்லை. 1938ல் டொமினியன் தியேட்டரில் பெரிய திரையில் வண்ணத் தொலைக்காட்சி காட்டினார். 1939ல் போர் வந்தது, பிபிசி தொலைக்காட்சியை நிறுத்தியது, கம்பெனி மூழ்கியது. அதன்பின் சிடனம் பகுதியில் இருந்த தன் வீட்டில், சொந்தக் காசில், வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்க ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சுழலும் தட்டைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. 1944 ஆகஸ்டில் டெலிகுரோம் என்ற படக்குழாயை இயக்கிக் காட்டினார். இரண்டு எலக்ட்ரான் துப்பாக்கிகள், சுழலும் பாகம் எதுவுமே இல்லாத வண்ணத் திரை. தன்னைத் தோற்கடித்த வழியையே கற்றுக்கொண்டு அதில் முன்னால் போய் நின்றார்.

போருக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த அரசுக் குழுவிடம் 1,000 கோடு வேண்டும், வண்ணமும் வேண்டும் என்று வாதாடினார். இன்றைய 1,080 வரி எச்டி நினைவுக்கு வருகிறதா? பழைய 405லேயே தொடங்கினார்கள். 1946 ஜூன் 7 அன்று பிபிசி தொலைக்காட்சி மறுபடி வந்தது. ஒரே வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, பெக்ஸ்ஹில் என்ற கடலோர ஊரில் பெயர்டு இறந்துபோனார். வயது 57.

அடுத்த நாலே வருடத்தில், 1950 ஜனவரியில், நம்ம சென்னை தேனாம்பேட்டையில் ஒரு கண்காட்சி. அதில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு கடிதத்தை வருடி அதன் உருவத்தை கேத்தோடு கதிர்க் குழாயில் காட்டினார். இந்தியாவிலேயே முதல் முயற்சியாக இருக்கலாம் என்று அன்றைய நாளிதழ் எழுதியது. டெல்லியில் தொலைக்காட்சி வந்தது 1959ல். சென்னைக்கு 1975ல்.

இப்போ உங்க ஹாலுக்கு வருவோம்

நூம்பல்ல நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்திருக்கீங்க, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பெரிய டிவி வாங்கப் போறீங்கன்னு வச்சுக்குவோம். 1936 ஒப்பீட்டை அப்படியே உங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க.

தூரம்: முதல்ல டேப் எடுத்து சுவருக்கும் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளங்க. 8 அடின்னு வைங்க. கொலீசியம் கணக்கே இங்கேயும். 55 இன்ச் ஃபுல் எச்டியில ஒரு பிக்சல் 0.63 மி.மீ. 8 அடியிலிருந்து கண் பிரிச்சறியறது சுமார் 0.7 மி.மீ. அதனால 55ல ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் கூர்மையில பெரிய வித்தியாசம் தெரியாது. 65, 75ன்னு போகும்போதுதான் 4கே வேலை செய்ய ஆரம்பிக்கும். அதே தூரத்துல 8கேக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது வீண். திரை அகலத்தைப் போல ஒண்ணே முக்கால்ல இருந்து ரெண்டு மடங்கு தூரம் நல்ல அளவு. 55 இன்ச்சுக்கு ஏறத்தாழ 7லிருந்து 8 அடி, 65க்கு 8லிருந்து 9 அடி.

வெளிச்சம்: மத்தியானம் ஜன்னல் எதிரே இருந்தா எந்த டிவியும் கண்ணாடி மாதிரிதான். பகல்ல மேட்ச் பார்க்கிற வீடா, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு படம் பார்க்கிற வீடான்னு முடிவு பண்ணுங்க. பகல் வீட்டுக்கு பிரகாசமான எல்இடி திரை, இருட்டு வீட்டுக்கு ஓஎல்இடி பொருந்தும். கடையில ஓடுறது ஸ்டோர் மோடு. அதை ஹோம் மோடுக்கு மாத்தச் சொல்லிப் பாருங்க.

அசைவு: கிளி வீடியோவை நிறுத்தச் சொல்லிட்டு கிரிக்கெட் போடச் சொல்லுங்க. பந்து பவுண்டரிக்குப் போகும்போது கேமரா கூடவே ஓடுமே, அங்கே புல்லும் பந்தும் கலங்குதான்னு பாருங்க. பெயர்டு முறை தோத்ததும் அசைவிலதான்.

தாமதம்: கேம் ஆடுறவங்க இருந்தா கேம் மோடு போட்டு கன்ட்ரோலரை அழுத்திப் பாருங்க. தனி சவுண்ட்பார் வைக்கப் போறீங்கன்னா வாயசைவும் சத்தமும் ஒத்துப்போகுதான்னு கவனிங்க.

கோணம்: நாலு பேரும் நடுவுல உட்கார முடியாது. ஓரத்துக்குப் போய் நின்னு பாருங்க. சில எல்சிடி திரைகள்ல பக்கவாட்டுல பார்த்தா கறுப்பு சாம்பலாயிடும்.

கன்டென்ட்: தினமும் நீங்க பார்க்கப்போறது கேபிள் சேனலா, எச்டி ஸ்ட்ரீமிங்கா? அதையே பென்டிரைவ்ல கொண்டு போய்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பழைய தரத்துல வர்ற சேனல் பெரிய திரையில இன்னும் மோசமாத்தான் தெரியும்.

அஞ்சு நிமிஷ டெமோவை நம்பி முடிவெடுக்காதீங்க. முடிஞ்சா, அதே மாடல் வச்சிருக்கிற சீனியர் வீட்டுல ஒரு முழு மேட்ச் பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க. எந்த டிவி வாங்கினீங்க, உங்க ரூம்ல எந்தக் கட்சி ஜெயிச்சதுன்னு நம்ம இதழுக்கும் எழுதி அனுப்புங்க.